உப்பும் கசப்பும்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். காரை ஓரம்கட்டி செல்போனில் ஒரு படம் எடுப்போம். அப்புறம் அடுத்த டீக்கடை. நமக்கும் மரக்காணத்துக்குமான உறவு பெரும்பாலும் அத்தோடு சரி.

அடுத்த முறை ஒரு பத்து நிமிஷம் கூடுதலாக நின்று, அங்கே வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். உப்பு நீரில் கால். உச்சந்தலையில் வெயில். கீழே கிடக்கும் உப்பிலிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம் கண்ணில். தலையில் உப்புக் கூடை. நடப்பதற்கு இருப்பதோ பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒல்லியாக ஒரு வரப்பு. இவர்களுடைய மூலதனம் என்ன என்று கணக்கெழுதினால் மூன்றே ஐட்டம்தான் தேறும். குத்தினால் உடனே தெரிகிற பாதம். வரப்பில் தடுமாறாத நடை. கூசினாலும் ஏமாற்றாத கண்.

மூன்றில் எது போனாலும் அன்றைக்கே வேலை போச்சு.

உப்பு விளைவிப்பதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. உப்பு நீரை வெயிலில் காயவிட்டால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். அதை அளக்க டிகிரிக் கணக்கு உண்டு. சுமார் 25 டிகிரியைத் தாண்டினால் உப்பு படிய ஆரம்பிக்கும். 30ஐ நெருங்கும்போது மிச்சமிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். ஏன்? அதற்குமேல் காயவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்துவிடும். வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆக, உப்பும் கசப்பும் ஒரே தண்ணீரிலிருந்துதான் வருகின்றன. அளந்து பார்த்து, சமயத்தில் பிரிக்கத் தெரிந்தவன்தான் தொழிலாளி.

மருந்து விஷயமும் ஏறக்குறைய இதேதான். கிருமியைக் கொல்கிற அதே ஆன்டிபயாடிக், சிலருக்கு நரம்பில் கை வைக்கிறது. காதை அடைக்கிறது. நடையைக் குலைக்கிறது. கண்ணைக் கெடுக்கிறது. இந்தக் கசப்பை அளந்து பிரிக்கும் வேலையில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர்களில் ஒன்று நம்முடைய சென்னை. அமெரிக்காவோ லண்டனோ இல்லை சார், சேத்துப்பட்டு.

அந்தக் கதைக்குப் போகுமுன் ஒரு சின்ன முன்கதை.

1943ஆம் வருஷம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். செல்மன் வாக்ஸ்மன் என்கிற மண்ணியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின். பென்சிலினுக்கு மசியாத காசநோய்க் கிருமி இதற்கு மசிந்தது. அதுவரை டி.பி. என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, பிரார்த்தனை. அவ்வளவுதான் வைத்தியம். முதல்முறையாக உருப்படியான ஒரு மருந்து கிடைத்தது. 1952இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு. ஷாட்ஸுக்குப் பரிசில் பங்கு இல்லை. அது தனி சோகம், இன்னொரு நாள் பேசலாம்.

மருந்து வந்ததும் பிரிட்டன்காரர்கள் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். 107 நோயாளிகள். 55 பேருக்கு ஊசி, படுக்கை இரண்டும். மற்ற 52 பேருக்கு வெறும் படுக்கை ஓய்வு. ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். போடாதவர்களில் 14 பேர். 1948இல் வெளியான இந்த முடிவு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலை கிறுகிறுத்தது. சாதாரணக் கிறுகிறுப்பு இல்லை. உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிற சமநிலை உறுப்பு நம் உள்காதில் இருக்கிறது. மருந்து அதைத்தான் பதம் பார்த்திருந்தது. இதைச் சரிசெய்கிறேன் என்று மருந்தைக் கொஞ்சம் மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிறுகிறுப்பு குறைந்தது. பதிலாகக் கொஞ்ச நாள் கழித்துக் காது கேட்காமல் போனது. போனது திரும்பவும் இல்லை. கடைசியில் அதைக் கைவிட்டார்கள்.

ஜார்ஜ் ஆர்வெல்லைத் தெரியுமல்லவா? நம்ம பிகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். அவருக்கும் டி.பி. 1948இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தபோது, நண்பர்களின் தயவால் அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்து சேர்ந்தது. தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது, நகம் பெயர்ந்தது. மருந்தை நிறுத்தும்படி ஆயிற்று. அடுத்த வருஷம் அவருடைய ‘1984’ நாவல் வெளியானது. அதற்கும் அடுத்த வருஷம், 1950 ஜனவரியில், அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது சென்னைக்கு வரலாம்.

1950களின் இந்தியாவில் டி.பி. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியம் படுக்கைகளோ விரல்விட்டு எண்ணுகிற மாதிரி. தாம்பரத்தில் ஒன்று, மதனப்பள்ளியில் ஒன்று என்று இருந்தவற்றை வைத்துக்கொண்டு எத்தனை பேரைப் படுக்க வைக்க முடியும்? படுக்கை கிடைக்காதவர் என்ன செய்வார்? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா? ஓட்டை வீடு, ஒரே அறை, ஆறு பேர், அரை வயிற்றுச் சாப்பாடு. இப்படிப்பட்ட இடத்தில் மருந்து வேலை செய்யுமா?

இதைக் கண்டுபிடிக்கத்தான் 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நாலு பேர் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்கிற பிரிட்டிஷ் டாக்டர் வந்து 1961 வரை இங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். தேவதத்தா, கங்காதரம், ராதாகிருஷ்ணா என்று நம் ஆட்கள் உடன் நின்றார்கள்.

193 நோயாளிகள். குலுக்கல் மாதிரிதான் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா, ஜன்னல் வழியாக வீசுகிறாரா? நர்சுகள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார்கள். மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாக ஆரம்பித்ததற்கு சேத்துப்பட்டும் ஒரு பெரிய காரணம். மரக்காணத்தில் ஒருவருக்கு இன்று டி.பி. வந்தால் எங்கோ மலைப்பக்கம் அனுப்பாமல் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இது எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் பேர் சொல்லாத இரண்டாம் பாகம் ஒன்று உண்டு.

அன்றைய மருந்துகள் இரண்டு. ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். பண்டிதர்கள் கணக்கில் இவை ஆன்டிபயாடிக் இல்லை, தொழிற்சாலையில் செய்த ரசாயனங்கள். நமக்கென்ன, கிருமியைக் கொன்றால் சரி. இதில் பி.ஏ.எஸ். விலை அதிகம், அளவும் அதிகம், வயிற்றைப் புரட்டும். ஐசோனியாசிட்டோ மலிவு, சின்ன மாத்திரை. ‘இதை மட்டும் டோஸ் கூட்டிக் கொடுத்தால் என்ன?’ என்று அடுத்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஏழை நாட்டுக்கு நியாயமான கேள்விதான்.

ஒரே வேளையில் அதிக டோஸ் சாப்பிட்டவர்களில் சிலர் ஒரு புகாரோடு வந்தார்கள். பாதம் எரியுது டாக்டர். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அப்புறம் மதமதப்பு. கால் இருப்பதே தெரியவில்லை. புற நரம்பு பாதிப்பு.

இங்கேதான் அந்த டாக்டர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ‘டி.பி. குணமாகுதுல்ல, கால் எரிஞ்சா என்ன?’ என்று அவர்கள் சொல்லவில்லை. யாருக்கு வருகிறது என்று தேடினார்கள். ஐசோனியாசிட்டை எல்லா உடம்பும் ஒரே வேகத்தில் செயலிழக்கச் செய்வதில்லை. சிலர் சீக்கிரம், சிலர் மெதுவாக. பிறவியிலேயே வரும் குணம் அது. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மெதுவான ரகம். மருந்து இவர்கள் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. கால் எரிச்சல் வந்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். 1960இல் இதை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள்.

காரணமும் ஓரளவு தெரிந்திருந்தது. நரம்புக்குத் தேவையான பி6 வைட்டமினை ஐசோனியாசிட் உடம்பிலிருந்து காலி செய்கிறது. சரி, வைட்டமினைக் கூடவே கொடுத்துவிட்டால்? கொடுத்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம். அதிக டோஸ் ஐசோனியாசிட் சாப்பிட்டவர்களுக்குக்கூட அந்தத் துளியூண்டு வைட்டமின் பாதுகாப்புத் தந்தது. 1963இல் அதுவும் அச்சானது. இன்றைக்கும் ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, முக்கியமாகக் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், சத்தில்லாமல் மெலிந்தவர்களுக்கு, டாக்டர் பி6 சேர்த்து எழுதுகிறார் இல்லையா? ‘எதுக்கு இந்த சத்து மாத்திரை, தண்டச் செலவு’ என்று அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். உப்பு நீரில் நிற்கிற ஒரு பாதம் மரத்துப்போனால் என்ன ஆகும்? குத்தியது தெரியாது. புண் ஆனது தெரியாது. அது ஆழமான பிறகுதான் தெரியும்.

படித்த காமர்ஸ் புத்தி எனக்கு எதையும் பேரேடாகத்தான் பார்க்கச் சொல்லும். வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றை எழுதாமல் விட்டால் அது கணக்கே இல்லை. சேத்துப்பட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் எழுதினார்கள். அதனால்தான் பற்றைக் குறைக்கும் வழியும் கிடைத்தது. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

பற்றுப் பக்கத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினின் பங்காளி ஒருவர் உண்டு. கானமைசின். 1957இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. சாதாரண மருந்துக்கு அடங்காத டி.பி.க்குப் பல வருஷங்கள் இந்த ஊசிதான். மாதக்கணக்கில் போட வேண்டும். இதுவும் காதைத் தின்னும்.

ஏன் காது? இந்த மருந்துகள் கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் எந்திரத்தில் போய் உட்கார்ந்து அதைக் குழப்புகின்றன. வேடிக்கை என்னவென்றால், நம் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்கிற சமாசாரம், கோடானுகோடி வருஷங்களுக்குமுன் ஒரு பாக்டீரியாவாக இருந்து உள்ளே குடிபுகுந்தது. அதன் எந்திரமும் கிட்டத்தட்ட கிருமியின் எந்திரம் மாதிரியே இருக்கும். சிலருக்குத் தாய்வழியில் வரும் ஒரு சின்ன மரபணு மாற்றத்தால் அந்தச் சாயல் இன்னும் கூடிவிடுகிறது. இதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சில ஊசிகளே போதும், காது போய்விடும். மற்றவர்களுக்கும் உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்களில் மருந்து தேங்கிச் சேதம் செய்கிறது. அந்தச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசனுக்கு நடந்தது இதுதான். இரண்டாவது முறை டி.பி. வந்தபோது கொடுத்த ஊசி, 2013இல் அவருடைய கேட்கும் திறனைக் கொண்டுபோய்விட்டது. அவர் மூலையில் உட்காரவில்லை. காதைக் கெடுக்காத பெடாகுவிலின் என்ற மாத்திரை வந்திருந்தது, ஆனால் விலை எக்கச்சக்கம். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்தபோது, தன்னைப்போலவே காதை இழந்த தென்னாப்பிரிக்கப் பெண் புமேசா திசிலேயுடன் சேர்ந்து எதிர்ப்பு மனு போட்டார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. அதற்கு முன்பே, 2018இல், கானமைசின் வேண்டாம் என்ற முடிவுக்கு உலக சுகாதார நிறுவனம் வந்துவிட்டது. பற்றுக் கணக்கை நோயாளியே எழுதிக் காட்டவேண்டியிருந்தது பாருங்கள்.

‘நமக்கு டி.பி. இல்லையே, இதெல்லாம் எதற்கு?’ என்கிறீர்களா? உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று பாதி அட்டை கிடக்கிறதா? கிடக்கும். நாம் வாங்குகிற லட்சணம் அப்படி.

“அண்ணே, ரெண்டு நாளா வயித்தால போகுது.”

“இந்தாங்க, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

தீர்ந்தது வைத்தியம். இந்தக் குடும்பத்து மருந்துகள் தசைநாரைப் பாதிக்கலாம், அறுந்தும் போகலாம் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. புற நரம்புச் சேதம் வரலாம், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கலாம் என்று 2013இல் இன்னொரு எச்சரிக்கை. 2016இல், வேறு மருந்து இருந்தால் சைனஸ், மூச்சுக்குழல் அழற்சி, சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கெல்லாம் இதைத் தொடாதீர்கள் என்றே சொல்லிவிட்டது. இதில் இன்னொரு வில்லங்கம். இருமலுக்கு இதை வாங்கி விழுங்கினால், உள்ளே டி.பி. இருந்தாலும் கொஞ்ச நாள் பதுங்கிக்கொள்ளும். கண்டுபிடிப்பது தாமதமாகும்.

டாக்சிசைக்ளின் இன்னொரு ரகம். உண்ணிக் காய்ச்சல் மாதிரி நோய்களுக்கு முதல் மருந்து, உயிர் காக்கும் மருந்து. ஆனால் அதைச் சாப்பிடும்போது சிலருக்கு வெயில் பட்டால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். ஏ.சி. அறையில் இருப்பவருக்கு அது பெரிய சங்கதி இல்லை. மரக்காணத்தில் நடுப்பகலில், மேலே வெயிலும் கீழே உப்பின் பளபளப்புமாக நிற்கிறவருக்கு? ‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும்.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்த 52 பேரில் 14 பேர் செத்ததை மறக்கக்கூடாது. டி.பி. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி பழகிக்கொள்ளும். அப்புறம்தான் கானமைசின் மாதிரி சமாசாரங்களுக்கு வேலை வரும். கால் எரிகிறதா, காதில் இரைச்சலா, நடக்கும்போது தள்ளுகிறதா, எத்தாம்பியூட்டால் சாப்பிடும்போது சிவப்பும் பச்சையும் மங்குகிறதா? அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். மாற்று மருந்து இருக்கிறது, டோஸ் குறைப்பு இருக்கிறது, சில சமயம் 6 மில்லிகிராம் வைட்டமினே போதுமானதாக இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2014 மார்ச் முதல் பல முக்கியமான ஆன்டிபயாடிக்குகளும் டி.பி. மருந்துகளும் ‘எச்1’ பட்டியலில் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால் யாருக்கு விற்றோம், எந்த டாக்டர் எழுதினார் என்று தனி நோட்டில் பதிவு செய்ய வேண்டும். பக்க விளைவைப் புகார் செய்யவும் 2010 முதல் ஒரு தேசியத் திட்டம் உண்டு. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் டாக்டர்தான் என்றில்லை, நீங்களே பேசலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாத்தியில் தண்ணீர் எப்போது உப்பாகும், எப்போது கசப்பாகும் என்று உப்பளத் தொழிலாளிக்கு அத்துப்படி. அளக்காமல் விட்டால் மொத்த விளைச்சலும் பாழ் என்பது அவர் படித்த பாடம். அவரே உடம்பு முடியாமல் மருந்துக் கடை வாசலில் நிற்கும்போது, மாத்திரையைக் கையில் வைத்து அளந்து சொல்ல ஒருவர் வேண்டுமா இல்லையா? சேத்துப்பட்டில் அறுபது வருஷத்துக்கு முன்பே அளந்து, எழுதி, அச்சடித்து வைத்துவிட்டார்கள். இனி கேட்க வேண்டியது நாம்தான்.

மூன்றே கேள்வி. இது எதுக்கு? இதனால என்ன ஆகலாம்? ஆனா நான் என்ன செய்யணும்?

அடுத்த முறை மருந்துச் சீட்டை வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். காசா, பணமா?